நவராத்திரிக்கு விதை, சிவராத்திரிக்குப் பூ: கொழும்பு முற்றத்தில் ஹொலிஹொக்

எங்கள் முற்றத்தில் ஹொலிஹொக் முதல் இரண்டு வருடமும் பூக்கவில்லை. முதல் வருடம் மே மாதம் விதைத்தேன். முளைத்ததெல்லாம் தென்மேற்குப் பருவமழையில் அடித்தண்டு அழுகிச் சரிந்தது. இரண்டாம் வருடம் நுவரெலியாவில் ஒரு தோட்டத்தில் கேட்டு வாங்கிய விதையைப் போட்டேன். செடி அருமையாக வந்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுக் கோப்பை அளவு. ஆனால் தண்டு எழும்பவே இல்லை. ஒரு நாள் அம்மா விறாந்தையில் நின்று பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, காய்க்காத வெண்டியே?" என்று கேட்டார்.

அவர் பகிடிக்குத்தான் கேட்டார், ஆனால் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார். வெண்டி, செவ்வரத்தை, பூவரசு, பருத்தி எல்லாம் ஒரே குடும்பம். ஹொலிஹொக்கும் அதில்தான் சேர்த்தி. மொட்டைப் பிரித்துப் பார்த்தால் செவ்வரத்தையின் தங்கச்சி என்று சொல்லலாம். வித்தியாசம் நிற்கும் விதத்தில்தான். கிளைக்காமல் ஒரே தண்டாக ஐந்தடி, ஆறடி, சில வகைகள் எட்டடி வரை நிமிர்ந்து, கீழிருந்து மேலே ஒவ்வொரு பூவாக விரிந்துகொண்டு போகும். ஆங்கிலக் கிராமத்து வீடுகளின் சுவரோரம் நிற்பதாகப் படங்களில் நாம் பார்ப்பது இதைத்தான். தாவரவியல் பெயர் அல்சியா ரோசியா.

மூன்றாம் வருடம் பூத்தது. வெள்ளவத்தையில், ரயில் பாதையிலிருந்து இரண்டு வளவு தள்ளி, பன்னிரண்டடிக்குப் பத்தடி முற்றத்தில். அந்த மூன்று வருடத்தில் விளங்கியது இதுதான்: கொழும்பில் ஹொலிஹொக் நிரந்தரக் குடியிருப்பாளர் அல்ல, ஒரு பருவத்து விருந்தாளி. அது வரும் நாளையும் போகும் நாளையும் நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டால் மற்ற வேலை பெரிய பாடில்லை.

விதை: எதை வாங்குவது, எதை விடுவது

பழைய ஹொலிஹொக் வகைகள் இரண்டு வருடப் பயிர். முதல் வருடம் இலை மட்டும். நடுவில் ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் இரண்டாம் வருடம் தண்டு எழும்பிப் பூக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை மாத இரவில் கம்பளி தேடும் ஊர். அங்கே செடிக்கு வேண்டிய குளிர் கிடைத்துவிடும். கொழும்பில் அதே தை இரவில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். குளிரே வராத ஊரில் அந்தச் செடி குளிருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். என் இரண்டாம் வருடக் கதை அதுதான்.

ஆகவே விதைத்த முதல் வருடமே பூக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். பொதியைத் திருப்பிப் படியுங்கள். 'ஆனுவல்' (ஒரு வருடப் பயிர்) என்றோ, முதல் வருடமே பூக்கும் என்றோ எழுதியிருந்தால் எடுக்கலாம். 'பையெனியல்' (இரண்டு வருடப் பயிர்) என்று மட்டும் இருந்தால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள். பெயர் பார்த்து வாங்குவதென்றால் மேஜரெட், சமர் கார்னிவல், குயீனி ஆகியவை முதல் வருடத்திலேயே பூக்கக்கூடியவை. குயீனி வரிசையில் ஊதா நிற வகை 2004 இல், அமெரிக்காவில் புதுச் செடி வகைகளுக்குக் கொடுக்கும் ஆல் அமெரிக்கா செலக்ஷன்ஸ் விருது பெற்றது. இரண்டு, இரண்டரை அடிதான் வளரும் என்பதால் தொடர்மாடி பல்கனிக்கும் பொருந்தும். சேட்டர்ஸ் டபிள் என்று ஒன்று வரும். அடுக்கடுக்கான இதழோடு ஆளை மயக்கும். அது உயரமான இரண்டு வருட வகை. மலைநாட்டில் இருப்பவர்களுக்கு விட்டுவிடுவோம்.

அடுக்குப் பூவா, ஒற்றைப் பூவா என்றால் நான் ஒற்றைப் பக்கம். அடுக்குப் பூவில் ஒரு மழை பெய்தால் தண்ணீர் இதழுக்குள் தங்கி, மறுநாளே பழுப்பேறிப் பழைய துணிபோலத் தொங்கும். ஒற்றைப் பூ உதறிவிட்டு நிற்கும். தேனீயும் வரும்.

இந்தியாவிலிருந்து வரும் பொதிகளை விதைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வட இந்தியாவில் இதைக் குளிர்காலப் பூவாக மழை முடிகிற சமயம் விதைப்பார்கள், பங்குனிக்குள் பூ பார்த்துவிடுவார்கள். நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதேதான். பத்தரமுல்லை தியத்த உயனவில் பூச்செடிக் கடைகள் வரிசையாக உண்டு. விசாரித்து வைப்பதில் நட்டமில்லை. லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் மச்சானின் பெட்டியில் விதை சொல்லிவிடும் யோசனை இருந்தால், அதற்குத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது.

நாள் பார்ப்பது

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்தச் செடிக்குக் கொழும்பில் ஆடி உதவாது. புரட்டாசிதான்.

காரணம் மழை. கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் இரண்டிலும் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் 100 கூடத் தேறாது. பிறகு ஏப்ரலில் மறுபடி தொடங்கி மே மாதம் உச்சத்துக்குப் போகும். ஆக, நமக்குக் கிடைப்பது மார்கழி நடுவிலிருந்து பங்குனி வரையான ஒரே ஒரு காய்ந்த இடைவெளி. தண்டு எழும்புவதும் பூப்பதும் அதற்குள் நடந்துவிட வேண்டும். விதையிலிருந்து பூவுக்கு நாலு, ஐந்து மாதம் போகும். பின்னோக்கி எண்ணினால் செப்டெம்பர் கடைசியில் வந்து நிற்கும்.

நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு இப்படி: நவராத்திரிக்கு விதை, கார்த்திகை விளக்கீட்டுக்கு நடவு, பொங்கலுக்குக் கம்பு, சிவராத்திரிக்குப் பூ. ஒரு வாரம் முன்பின் ஆனால் குற்றமில்லை. ஒரு மாதம் பிந்தினால் பூக்கும் நேரத்தில் சித்திரை மழை வந்து நிற்கும்.

விதைப்பு

விதை தட்டையாக, ஓரத்தில் சிறகு வைத்த சின்னப் பொத்தான் மாதிரி இருக்கும். முதல் நாள் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் மிதப்பதைக் கழித்துவிடலாம்.

இந்தச் செடிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். அதை மடக்கினாலோ அறுத்தாலோ செடி தலையெடுக்காது. அதனால் தட்டையான நாற்றுத் தட்டில் போட்டுப் பிடுங்கி நடும் வேலை வேண்டாம். உயரமான கறுப்பு நாற்றுப் பையே நல்லது. யோகட் கப் போதுமா என்று ஒரு சிநேகிதி கேட்டார். மூன்று வாரத்துக்குப் போதும், எட்டு வாரத்துக்குப் போதாது. நமக்கு எட்டு வாரம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளியே மழை. ஒரு லீற்றர் பால் பெட்டியை மேற்பக்கம் வெட்டி, அடியில் நாலு துளை போட்டால் அளவாக இருக்கும்.

மேல்மண், கொம்போஸ்ட், தும்புத்தூள் மூன்றும் சம பங்கு. தும்புத்தூளை ஒரு தடவை கழுவிப் பிழிந்து சேருங்கள். ஒவ்வொரு பையிலும் இரண்டு விதை, விரல் நகத்தின் ஆழத்துக்கு. கொழும்புச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். நாலு இலை வந்ததும் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்துப் பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

பைகளை வைக்க வேண்டிய இடம் கூரைத் தாழ்வாரத்தின் ஓரம். வெயில் படவேண்டும், பீலித் தண்ணீர் விழக் கூடாது. அப்புறம் ஒரு முக்கியமான விடயம்: பைகளுக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அது வேருக்குக் கேடு என்பது ஒரு பக்கம். ஒக்டோபரில் டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை என்பது மறு பக்கம். 2007 ஆம் ஆண்டிலிருந்து நுளம்பு பெருக இடம்விடுவது சட்டப்படி குற்றம். சுகாதாரப் பரிசோதகர் வந்து பூச்சாடித் தட்டைத்தான் முதலில் பார்ப்பார். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள்.

இடமும் மண்ணும்

ஆறு மணித்தியால வெயில் வேண்டும். காலை வெயிலானால் மிக நல்லது. மேற்குப் பார்த்த சுவரோரம் நட்டால் பின்னேரம் மூன்று மணிக்குச் சுவரே அடுப்பு மாதிரிக் கொதிக்கும். இலை துவண்டுவிடும், சிற்றுண்ணி ஏறும்.

இடம் பார்க்கும்போது பலர் விடும் பிழை ஒன்று இருக்கிறது; நானும் விட்டேன். ஓகஸ்டில் வெயில் விழும் இடத்தைப் பார்த்துக் குழி வெட்டினேன். ஓகஸ்டில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கும். தை மாதம் அது தெற்கே சாய்ந்துவிடும். தென்பக்கத்தில் ஒரு தொடர்மாடி இருந்தால் அதன் நிழல் நீண்டு வந்து முற்றத்தை மூடும். நடுவதற்கு முன், நவம்பர் இருபதாம் திகதியளவில் காலை ஒன்பது மணிக்கும், நண்பகலும், இரண்டு மணிக்கும் வெளியே வந்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்நேரத்துச் சாய்வும் ஜனவரி இருபதாம் திகதிச் சாய்வும் ஒன்றுதான். மழை மூட்டமாக இருந்தால், இரண்டு நாள் காத்திருந்து பாருங்கள்.

மண் விடயத்தில் கொழும்பு இரண்டு விதமாகச் சோதிக்கும். ஒன்று, செம்மண்ணும் கபுக் கல்லும் சேர்ந்து இறுகியிருக்கும். இரண்டு, பழைய வீட்டை இடித்துக் கட்டிய வளவென்றால் ஒரு மண்வெட்டி ஆழத்தில் ஓட்டுத்துண்டும் சீமெந்துக் கட்டியுமாக வரும். எப்படியென்றாலும் செடிக்கு ஒன்றரை அடி ஆழம், ஓரடி அகலம் தோண்டுங்கள். கல்லைப் பொறுக்கி, வந்த மண்ணோடு அரை வாளி கொம்போஸ்டும் ஒரு பிடி டொலமைட்டும் கலவுங்கள். நமது மண்ணில் புளிப்புத்தன்மை கூட. டொலமைட் அதை ஆற்றும். நிரப்பும்போது தரையோடு சமமாக விடாமல் அரையடி மேடாக்குங்கள். முழு வேலையிலும் இதை மட்டும் சோம்பல் படாமல் செய்யச் சொல்வேன். இந்தச் செடி வெயிலில் வாடினாலும் எழும்பும், தண்டும் மண்ணும் சேரும் கழுத்தில் தண்ணீர் நின்றால் எழும்பாது.

முற்றமே இல்லாதவர்களுக்கு இருபது லீற்றர் பெயின்ட் வாளி போதும். அடியில் பத்துத் துளை, ஒரு வாளிக்கு ஒரு செடி, உயரம் குறைந்த வகை. பூச்சாடி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பதுதான் முக்கியம்.

நடவு, நத்தை, கம்பு

மழை சற்று ஓய்ந்த ஒரு பின்னேரம் நடுங்கள். பையைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. இரண்டடி என்றால் காற்று நன்றாகப் புகும். சுவரோரம் மூன்று செடி போதும். முன்னால் பட்டிப்பூ, காசித்தும்பை, சீனியா என்று குட்டைச் செடிகளைப் போடுங்கள். ஹொலிஹொக்கின் அடியிலைகள் போகப்போகக் காய்ந்து மொட்டைக்கால் தெரியும். அதை இவை மறைக்கும். ஆங்கிலேயரின் குடிசைத் தோட்டம் என்ற யோசனையே இப்படி ஒன்றின் காலை இன்னொன்று மறைப்பதுதானே.

நட்ட அன்றிரவே நத்தை வரும். ஆபிரிக்கப் பெருநத்தைக்கு இந்த இளம் இலை விருந்து. இரவு ஒன்பது மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தேன்: செடியைச் சுற்றி நான் கவனமாகப் போட்டிருந்த சாம்பல் வளையத்தின் மேலேயே ஒன்று, கொம்பை நீட்டிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சாம்பல் காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும். நவம்பரில் எது காய்கிறது? ஆகவே பொறுக்குவதுதான் வழி. பத்து நாள் தொடர்ந்து இரவில் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் தொல்லை பெரும்பாலும் அடங்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். ஒரு பழைய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டால் சரி.

தை பிறக்கும்போது நடுவிலிருந்து தண்டு கிளம்பும். அப்போதே கம்பு நட வேண்டும். உயர்ந்த பிறகு நட்டால் வேரில் குத்தும். மூங்கில் நல்லது. நான் முதலில் வேலியில் வெட்டிய கிளிசிரிடியாக் கம்பை நட்டேன். மூன்றாவது வாரம் கம்பும் தளிர்த்து, ஹொலிஹொக்கைவிட வேகமாக வளரத் தொடங்கியது. பச்சைக் கம்பு வேண்டாம். தும்புக் கயிற்றால் எட்டு வடிவத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு, தண்டை நெரிக்காமல் கட்டுங்கள். தண்டிலும் இலையிலும் சொரசொரப்பான மயிர் இருக்கும். சிலருக்குக் கை அரிக்கும். நீளக் கைச் சட்டை உதவும்.

தண்ணீரும் பசளையும்

இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலையில், அடியில் அரை வாளி. இலையில் அடிக்காதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டு இரண்டாம் கணு வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரமென்றால் விடலாம். பெப்ரவரி வெயிலுக்குப் பொச்சு மட்டையைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

பசளை அதிகம் கேட்காது. நட்டு ஒரு மாதத்தில் ஒரு தடவை, தண்டு எழும்பும்போது ஒரு தடவை, இரண்டு கைப்பிடி கொம்போஸ்ட். கோழி எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும்.

நோயும் பூச்சியும்

ஹொலிஹொக் என்றாலே துரு நோய் என்பார்கள். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பருப்பருவாகக் கிளம்பும் ஒரு பூஞ்சணம். சிலியில் இருந்த இந்தப் பூஞ்சணம் 1873 இல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஹொலிஹொக் மோகத்தையே உடைத்துப்போட்டது. குளிரும் ஈரமும் சேரும் இடத்தில்தான் அது அதிகம் ஆடும். ஆகவே நுவரெலியாக்காரருக்குத்தான் பெரிய தலையிடி. நமக்குச் சற்றுக் குறைவு. கண்டால் அந்த இலையைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், கொம்போஸ்ட் குழியில் போட வேண்டாம். தரையைத் தொடும் அடியிலைகளை முன்கூட்டியே எடுத்துவிடுவதும் நல்லது.

கொழும்பில் நம்மைப் படுத்துவது வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும்தான். இலைக்கடியில் தட்டினால் வெள்ளைத் தூள்போலப் பறப்பது வெள்ளை ஈ. தண்டின் கணுக்களில் பஞ்சு ஒட்டினாற்போல இருப்பது மாவுப்பூச்சி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி சவர்க்காரத் திரவம். நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை. வெண்டியும் செவ்வரத்தையும் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பாருங்கள். வெண்டியில் மஞ்சள் நரம்பு நோய் வந்திருந்தால் அதை முதலில் பிடுங்குங்கள்; அந்த வைரஸைச் சுமப்பதும் வெள்ளை ஈதான். ஒரே குடும்பத்துக்குள் பூச்சிக்கு வேலி இல்லை.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: இலை ஓரம் கருகினால் அது நோயாக இல்லாமல் உப்புக் காற்றாகவும் இருக்கலாம். நல்ல தண்ணீரால் காலையில் ஒரு தடவை இலையைக் கழுவிவிடலாம். நான் மேலே சொன்ன விதிக்கு இது மட்டும் விலக்கு.

பூவும் அதற்குப் பிறகும்

முதல் பூ விரியும்போது அது தண்டின் அடியில்தான் இருக்கும். மேலே மொட்டுகள் பச்சைக் கொத்தாகக் காத்திருக்கும். ஒவ்வொரு பூவும் இரண்டொரு நாள்தான், ஆனால் வரிசை ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். உதிர்ந்த பூக்களைக் கிள்ளிவிடுங்கள். விதைக்கு வேண்டுமென்றால் அடியிலுள்ள நாலைந்து காய்களை மட்டும் விடுங்கள்.

எந்தச் செடியில் விடுவது என்பதில்தான் சூட்சுமம். மிக அழகான பூவிலல்ல, மிக முந்திப் பூத்த செடியில். கொழும்புச் சூட்டுக்குச் சம்மதித்த செடி அது. அதன் விதையை அடுத்த நவராத்திரிக்குப் போட்டால் பிள்ளைகளும் முந்தக் கூடும். நிறத்துக்கு உத்தரவாதமில்லை, தேனீ கலந்துவிடும். என்னிடம் ரோசா நிறச் செடிக்குப் பிறந்தது ஒன்று கடுஞ்சிவப்பில் வந்தது.

காய் பழுப்பாகிக் கையில் உதிரும்போது எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். ஒரு பழைய கண்ணாடிப் போத்தலில், வறுத்து ஆறிய ஒரு பிடி அரிசியோடு போட்டு இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அரிசி ஈரத்தை இழுக்கும். போத்தலில் வருடத்தை எழுதி ஒட்டுங்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன் செடிகளை வெட்டி எடுத்துவிடுங்கள். மழையில் நிற்க விட்டால் அழுகி நாறும். கழற்றிய மூங்கில் கம்புகளை வெயிலில் காயவைத்து உள்ளே எடுங்கள். அந்தக் குழியில் வெண்டி மட்டும் போட வேண்டாம். எங்கள் வீட்டில் மே மழைக்கு அங்கே வல்லாரை படர்கிறது. சம்பலுக்கு ஆகும் என்பதால் அம்மாவுக்கு அந்தச் சுவரோரத்தில் பிடித்த மாதங்கள் அவைதான்.